இரண்டு பேரும் பிடித்த விரதம்

அண்ணாவின் மணிக்கட்டைப் பிடித்தால் நாடி பிடிபடாது. வெளிநாட்டில் அவருடைய பழுதான இதயத்தோடு இரத்தத்தை இடைவிடாமல் இறைக்கும் ஓர் இயந்திரத்தைப் பொருத்தியிருந்தார்கள். வயிற்றால் வெளியே வரும் வயர், தோளில் தொங்கும் பையிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் பற்றரிக்கும் போகும். நெஞ்சில் காதை வைத்தால், பக்கத்துக் காணியில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் போல ஓர் இரைச்சல். எனக்கு அது ஒருபோதும் பிடித்ததில்லை.

அவர் பிழைத்தால் கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் பிடிப்பேன் என்று நேர்ந்தவன் நான். ஒட்டுசுட்டானில் என் வீட்டுக்கு வந்து நின்ற அண்ணா விடவில்லை.

"எனக்காண்டி நேர்ந்ததை நீ தனியப் பிடிக்கிறதே? நானும் பிடிக்கிறன்."

"குளிசை இருக்கெல்லோ அண்ணா?"

"அதை விடமாட்டன். சாப்பாடுதானே."

இயந்திரத்துக்குள் இரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் போடும் குளிசை அது. கீரை கூடினால் அது சரியாக வேலை செய்யாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அப்படியென்றால் கீரையே இல்லாத ஆறு நாள் இன்னும் நல்லது என்று நினைத்தோம். எங்கள் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். பகல் முழுக்கப் பட்டினி, பின்னேரம் கொஞ்சம் பாலும் ஒரு வாழைப்பழமும், பிறகு குளிசை.

மூன்றாம் நாள் எனக்குத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. சந்திக் கடையில் ஒரு பணிஸும் தேத்தண்ணியும் முடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல வீட்டுக்கு வந்தேன். அண்ணா கிணற்றடியில் துப்பிக்கொண்டு நின்றார். எச்சில் சிவப்பாக இருந்தது.

"பல்லு முரசு காய்ஞ்சு வெடிச்சிட்டுது போல," என்றார். "பரவாயில்லை, பாதி நாள் முடிஞ்சுது."

சாப்பிடுங்கோ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் பணிஸ் மணக்குமோ என்ற பயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் விடிய மழை. கதிரையில் இருந்தபடியே அண்ணா மூச்சுக்குத் திணறினார். பையிலிருந்த பெட்டி கத்தத் தொடங்கியது. பற்றரியை மாற்றினேன். கத்தல் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஸ்கான் செய்து பார்த்தார். இதயத்தைச் சுற்றி இரத்தம் கசிந்து தேங்கி அதை நெரிக்கிறதாம். இயந்திரம் இறைப்பதற்கு உள்ளே இரத்தம் போதவில்லையாம். நாள்கணக்காகச் சரியான சாப்பாடு இல்லாததால் குளிசை அளவுக்கு மிஞ்சி வேலை செய்துவிட்டது என்றார்.

"ஆர் இவரை விரதம் பிடிக்கச் சொன்னது?"

அண்ணா மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை டொக்டர். நாங்கள் ரெண்டு பேரும்தான் பிடிச்சனாங்கள். அவனும் அஞ்சு நாளாய்ச் சாப்பிடேல்லை. அவனுக்கு ஏதும் குடுங்கோ."

அதற்குப் பிறகு அவர் கதைக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், மாங்குளத்துக்குக் கிட்ட, அம்புலன்சுக்குள்ளேயே போய்விட்டார். பெட்டி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. நேர்ஸ் தந்த பிஸ்கற் பக்கற் என் கையில் இருந்தது.