வெற்றுத் தாளில் என் கையெழுத்து

உணவுத் தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்து, எண்பதுகளின் கடைசியில் தாம்பரம் பக்கம் ஒரு பழரசக் கம்பெனியில் தர ஆய்வாளராகச் சேர்ந்தேன். பாட்டிலில் கிருமி உண்டா என்று தெரிய மூன்று நாளாகும். அதன் பிறகே சரக்கு வெளியே போக வேண்டும்.

தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்டேன். "ரிப்போர்ட்ல கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க மேடம், ரிசல்ட்டை நாங்க எழுதிக்கிறோம்" என்றார் மேனேஜர். பத்து வெற்றுத் தாள்களில் போட்டுக் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது, குரோம்பேட்டையில் எங்கள் பழரசம் குடித்த குழந்தைகள் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். சோதனையே செய்யாமல் அனுப்பியிருக்கிறார்கள்.

"இது உங்க கையெழுத்துதானே?" என்று முதலாளி தாளை நீட்டினார்.

வேலை போனது எனக்குத்தான். மேனேஜர் அங்கேயே இருந்தார்.

இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சோதனைத் தாளில் முடிவு எழுதும் முன்பே கையெழுத்திடும் மாணவிக்குப் பூஜ்யம்தான் போடுகிறேன். அழுதாலும் மாற்றுவதில்லை.