அக்காவின் முகம், பாகங்களுடன்

ஒல்லியான உடம்பு, கொண்டையில் எந்நேரமும் செருகியிருக்கும் பென்சில். அதனால் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட 'பென்சில்' என்ற பெயர் நாற்பத்தாறு வயதிலும் அவளை விடவில்லை. பாடப்புத்தகம் அச்சிடும் நிறுவனத்தில் அறிவியல் படங்கள் வரைவது அவள் வேலை. தவளையின் குடல், பூவின் குறுக்குவெட்டு, இதயத்தின் நான்கு அறைகள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் முக்கி முனகி மனப்பாடம் செய்த சிறுநீரகம் அவள் போட்டது. அதில் அவளுக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பச்சைப் பொய்.

எல்லாவற்றையும் தொடங்கி வைத்தவள் அக்கா. அக்கா இரண்டு வயது மூத்தவள், கல்லூரியில் உயிரியல் படித்தாள். மூளை கத்தி மாதிரி. கை மட்டும் சுத்த மோசம். அமீபாவுக்கு வடிவமே கிடையாது, அக்கா வரைந்தால் அதுவும் தப்பாக வரும். அதனால் ஆய்வுக்கூடத்தில் பார்த்ததை வரைந்து விரிவுரையாளரிடம் காட்ட வேண்டிய ரெக்கார்டு நோட்டு முழுவதும் தங்கையின் தலையில் விழுந்தது. சாயங்காலம் இருவரும் கட்டிலில் ஏறிவிடுவார்கள். அக்கா கால்களைச் சுவரில் தூக்கிப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

"இன்னும் கொஞ்சம் குண்டா போடுடி. மண்புழு உன்னை மாதிரியா இருக்கும்?"

அக்கா சொல்லச் சொல்ல பென்சில் வரைந்தாள். தான் கண்ணால் பார்க்காத உலகத்தை அக்காவின் வாய்வழியாகவே பார்த்தாள்.

வருஷக் கடைசியில் ஒரு இதயம் வரைந்தாள். அப்படி ஒரு இதயம் அதுவரை அவள் கையில் வந்ததில்லை. பதினேழு வயது, பெருமை தாங்கவில்லை. படத்தின் ஓரத்தில், எறும்பு அளவில், தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டாள். விரிவுரையாளருக்குக் கழுகுக் கண். யாருடைய எழுத்து என்று கேட்டார், நோட்டைத் தூக்கி எறிந்தார், அக்காவைப் பரீட்சை எழுத விடவில்லை. வருஷம் போயிற்று. படித்தது போதும் என்று அப்பா அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து, தொலைவில் ஒரு ஊருக்கு அனுப்பி வைத்தார். கிளம்பும்போது அக்கா வாசலில் நின்று சொன்னது இவ்வளவுதான்:

"படமும் உன்னோடது, பேரும் உன்னோடது. வச்சுக்கோ."

அதன் பிறகு பேச்சு இல்லை. அம்மா செத்தபோது ஒரே கூடத்தில் எதிரெதிரே இருந்தார்கள். நிமிர்ந்து பார்க்கும் தைரியம் பென்சிலுக்கு வரவில்லை. அவள் பார்த்தது அக்காவின் வெடித்த குதிகாலை மட்டும். அதைக்கூட அன்றைக்கே வீட்டுக்கு வந்து வரைந்துவிட்டுக் கிழித்துப் போட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் பன்னிரண்டு வருஷம் அவள் எதையும் பார்த்து வரையவில்லை. பழைய புத்தகத்தைப் பார்த்து வரைவாள். பிறகு தான் வரைந்ததையே பார்த்து வரைவாள். தவளை வரவரத் தவளையாக இல்லாமல் போயிற்று. ஒருநாள் காலை சமையலுக்கு வெங்காயத்தை இரண்டாக வெட்டினவள் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நாள் காம்பஸ் வைத்துப் போட்ட வட்டங்கள் அதில் இல்லை. ஒரு வளையம் தடித்திருந்தது, அடுத்தது அதற்கு இடம் விட்டு ஒதுங்கியிருந்தது. அடுப்பில் இருந்தது கருகியது. அன்று கணவர் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு வேலைக்குப் போனார்.

கணவர் அதே நிறுவனத்தில் பிழை திருத்துபவர். நல்ல மனுஷன், ஆனால் மருந்துச் சீட்டில்கூடப் பிழை பார்ப்பார். வெங்காயத்துக்குப் பிறகு அவர் பட்டபாடு சொல்லி மாளாது. தக்காளி வரைந்து முடித்த பிறகுதான் குழம்புக்குப் போகும். கறிக்கடையிலிருந்து கோழி இதயம் வரும், மேசையில் உட்காரும், காய்ந்தே போகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தூங்கும்போது காதை வரைவாள்.

"என் காதுல அப்படி என்னதான் இருக்கு?"

"நான் சொல்றது எதுவும் இல்ல. அதான் தேடிட்டு இருக்கேன்."

சிரிப்பாள். ஆனால் ஒவ்வொரு படத்தையும் முடித்ததும், அக்கா பார்த்தால் என்ன குறை சொல்வாள் என்று ஒரு கணம் காத்திருப்பாள். கட்டிலிலிருந்து குரல் எதுவும் வராது. அக்காவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இருபத்தொன்பது வருஷமாக, ஏதாவது ஒரு வேலையின் நடுவில், தினமும் அப்படி இருந்தது.

கடிதம் எழுதிப் பார்த்தாள். 'அன்புள்ள அக்கா' என்பதற்கு மேல் ஒரு எழுத்து நகரவில்லை. மன்னித்துவிடு என்று எழுதினால், எதற்கு என்று அக்கா கேட்பாளோ என்று பயம். கேட்காமலே இருந்துவிடுவாளோ என்பது அதைவிடப் பெரிய பயம். கடைசியில், தெரிந்த வேலையைச் செய்தாள். அக்காவின் முகத்தை வரைந்தாள், கட்டிலில் கண்மூடிப் படுத்திருந்த முகத்தை. முடித்ததும் பழக்கதோஷம், கை தானாக ஸ்கேலை எடுத்தது. வலது பக்கமாக, ஒன்றோடொன்று வெட்டாமல், நேர்கோடுகள் போட்டுப் பாகங்களைக் குறித்தாள்.

'நெற்றி: கணக்கு வராவிட்டால் சுருங்கும்.'

'கன்னக்குழி: இடது பக்கம் மட்டும். சிரிப்பை அடக்கும்போது ஆழமாகும்.'

'காது: அம்மா கூப்பிட்டால் கேட்காது. நான் அழுதால் அடுத்த அறையிலும் கேட்கும்.'

'தோள்பட்டை: நான் தூங்கிய இடம்.'

கணவர் பார்த்தார். பிழை எதுவும் தேடாமல் தாளை மேசையில் வைத்தார்.

"அனுப்பிடு."

"திருப்பி அனுப்பிட்டா?"

"அனுப்பட்டும். கைல எடுத்துப் பார்த்துட்டுத்தானே அனுப்பணும்?"

அம்மாவின் பழைய முகவரி நோட்டைத் தேடி எடுத்து, அதிலிருந்த அக்காவின் முகவரிக்கு அனுப்பினாள். ஒரு வாரம் போயிற்று, ஐந்து வாரம் போயிற்று. மாடிப்படியின் அடியில் இருந்த தபால் பெட்டியைத் திறந்து திறந்து அதன் கதவு ஆட்டம் கண்டுவிட்டது. அவள் வரைவதை நிறுத்தினாள். அலுவலகத்தில் ஒரு நுரையீரல் பாதியில் கிடந்தது.

ஆறாவது வாரம் ஒரு உறை வந்தது. தொட்டதுமே தெரிந்துவிட்டது. உள்ளே இருப்பது அவள் அனுப்பிய அதே தடித்த தாள். படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள். திருப்பி அனுப்பிவிட்டாள், அவ்வளவுதான், முடிந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உறையைக் கிழித்தாள்.

படம் முழுவதும் சிவப்பு மை.

கூந்தலுக்கு ஒரு கோணல் கோடு இழுத்து, 'நரை. பாதி கொட்டிவிட்டது.' கண்ணுக்கு இன்னொன்று: 'கண்ணாடியை விட்டுவிட்டாய்.' கன்னக்குழியில் ஒரு பெருக்கல் குறி: 'கடைவாய்ப் பல் இரண்டு போனதில் குழி இப்போது இரண்டு பக்கமும்.' கழுத்தில் அவள் அறியாத ஒரு தழும்பு வரையப்பட்டிருந்தது. மகா மோசமாக, மண்புழு மாதிரி. 'ஆபரேஷன். ஆறு வருஷம் ஆச்சு. நீ வருவாய் என்று கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.'

தோள்பட்டையில் மட்டும் திருத்தம் இல்லை. ஒரு டிக் இருந்தது.

அடியில் தேதி போட்டு, விரிவுரையாளர்கள் எழுதுவது போல நிமிர்ந்த எழுத்தில் ஒரு குறிப்பு:

'பொருளைப் பார்க்காமல் வரைந்த படம். ஏற்க முடியாது. நேரில் வந்து, எதிரில் உட்கார்ந்து, மறுபடி வரையவும்.'