கேய்னர் கடைச் சுவரில் நெவ்வின் படம்

கேய்னர் தாக்ரேவின் பொரித்த மீன் கடையில் வாடிக்கைக்காரர்களை எதுவும் கேட்க மாட்டார்கள். கதவு திறக்கும்போது ஒரு பார்வை, அவ்வளவுதான். யாருக்கு என்ன என்று அந்தம்மா கைக்குத் தெரியும். எங்கள் ஊர் கார்ஃபர்டில் ஒருவர் உள்ளூரா வெளியூரா என்று கண்டுபிடிக்க வேறு வழியே தேவையில்லை. "உப்பு, வினிகர் போடவா கண்ணு?" என்று கேய்னர் கேட்டால் வெளியூர். கேட்காமல் போட்டால் உள்ளூர். என் அக்கா புருஷன் கல்யாணமாகி இரண்டு வருடம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்காமல் போட்ட அன்று வீட்டுக்கு வந்து பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தான். வேல்ஸ்காரன், பாவம்.

நான் பக்கத்துக் கடையில் முடி வெட்டுகிறேன். பேர் டெஸ். நாள் முழுக்க ஊர்க்காரர்களின் தலை என் கையில், குரல் என் காதில். அதனால் சனிக்கிழமைகளில் ஊர் மன்றத்தில், பீர் குடிக்கிறவர்கள் நடுவில், ஆள் ஆளாகப் பேசிக் காட்டுவேன். பாதிரியார், பல் டாக்டர், பேருந்து நிலைய அறிவிப்புக்காரி, எல்லாரும் என் குரலில் வருவார்கள். கேய்னர் மட்டும் எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை. அவர் குரலில் பிடித்துக்கொள்ள ஒரு மேடு பள்ளம் கிடையாது. தபால்காரனும் கண்ணு, வங்கி மேலாளரும் கண்ணு, கடை முன்னால் வண்டி நிறுத்தியதற்கு அபராதம் எழுதுகிறவனும் கண்ணு. எல்லாம் ஒரே சுருதி.

அவர் பிறந்ததே கடைக்கு மேலே உள்ள அறையில்தான். அப்பா போட்ட கடை. பள்ளிக்கூடம் முடித்த அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கு தோல் சீவ உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை என்று சொல்வார்கள். சனிக்கிழமை கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை ரக்பி ஆட்டம் என்பதால் புதுப் புருஷன் ஆலனைக் கூட்டிக்கொண்டு நேராக மைதானத்துக்குப் போனவர். ஆலன் இப்போது இல்லை. மைதானத்தில் அந்த இடம் இருக்கிறது: பழைய ஸ்கோர் பலகைக்குக் கீழே, இரும்புக் கம்பியில் பெயின்ட் உரிந்த ஒரு சாண் இடம். அங்கே கோட்டுப் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நிற்பார். கத்த மாட்டார். நம்மவர்கள் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தால் "ம்" என்பார். எதிரி வைத்தாலும் "ம்"தான்.

கத்துவதற்குக் கிளைவ் அம்பிள்பி இருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். குரல் எப்படியென்றால், துருப்பிடித்த கேட்டைக் காலால் தள்ளினால் வருமே, அது. எங்கள் கோச் நெவ் ஸ்டாடர்டைப் பத்து வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு ஞாயிறும் வைதவர். "யோவ் நெவ், அந்தத் தொப்பிய மண்டையில வச்சிருக்கியா, இல்ல மண்டைக்குப் பதிலா வச்சிருக்கியா?" நெவ் திரும்பிப் பார்த்து ஒரு விரலால் தொப்பியைத் தொடுவார். ஜெயித்த நாளிலும் வைதார், தோற்ற நாளிலும் வைதார். வையாமல் விட்டால்தான் நெவ் பயந்திருப்பார்.

அந்தச் செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செய்தி வந்தது. நெவ் போகிறார். போவது எங்கே என்றால், ஹெஸ்கம் அணிக்கு.

ஹெஸ்கம் என்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர், எங்கள் பரம வைரி. எங்கள் மைதானத்தின் மேல்படியில் நின்றால் அவர்கள் மைதானத்து விளக்குக் கம்பம் தெரியும். நாங்கள் பார்க்க மாட்டோம்.

அன்று என் கடையில் ஆறு தலை. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆட்டத்தின் இடைவேளையில் குலுக்கல் சீட்டு விற்கும் பாலின் நாற்காலியில் உட்கார்ந்து, "எப்பவும் போல வெட்டு," என்றார். வெட்டி முடித்துக் கண்ணாடியைப் பின்னால் காட்டினேன். பார்த்தார்.

"நல்லா இருக்கா?"

"இருக்கட்டும்."

"நெவ் விஷயம் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன நெனைக்கிறீங்க?"

"மழை வரும் போல இருக்கு," என்றார் பாலின்.

கிளைவ் மதியம் வந்தார். வெட்டுவதற்கு அவர் தலையில் ஒன்றும் இல்லை. சும்மா வந்து உட்கார்ந்தார். "எத்தன வருஷமா போடா போடான்னேன்," என்றார். "போயிட்டான்."

"சந்தோஷம்தானே உங்களுக்கு?"

"ஆமா," என்றார் கிளைவ். பிறகு பழைய பத்திரிகை ஒன்றை எடுத்து, கர்ப்பிணிகள் என்ன சாப்பிட வேண்டும் என்ற பக்கத்தை ரொம்ப நேரம் படித்தார்.

இங்கேதான் படம் வருகிறது. கேய்னர் கடையின் இடப்பக்கச் சுவர் முழுக்க ஆட்டக்காரர்கள், கோச்சுகள், சட்டம் போட்ட படங்கள். அப்பா காலத்தில் ஆரம்பித்தது. அதில் ஒரு வழக்கம் உண்டு. ஹெஸ்கமுக்குப் போனவன் படத்தைக் கழற்ற மாட்டார்கள். சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டிவிடுவார்கள். பழுப்புக் காகித முதுகு தெரிய நாலைந்து படங்கள் அங்கே தொங்குகின்றன. யார் யார் என்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். முகம் தெரிந்திருந்தால் மறந்திருப்பார்கள்.

நெவ் படம் கல்லாப்பெட்டிக்கு நேர் எதிரே. அதில் நெவ் தனியாக இல்லை. அவர் கை ஒரு பையனின் தோளில் கிடக்கிறது. பையன் உடம்பெல்லாம் சேறு, மூக்கில் ரத்தம், பல்லெல்லாம் சிரிப்பு. அது கீரன், கேய்னரின் மகன். ஒரே ஒரு பருவம் முதல் அணியில் ஆடினான். ஹெஸ்கமைத் தோற்கடித்த அன்று எடுத்த படம். அடுத்த மாதமே முழங்கால் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு வாரமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டாடியவர் நெவ். இப்போது கீரன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் ஓடு வேய்கிறான். அவன் எங்கள் அணிச் சட்டை போட்டிருக்கும் படம் உலகத்தில் அது ஒன்றுதான். கேய்னர் நாள் முழுக்க மீனைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தால் கண் போகிற இடம் அது.

ஆகவே நெவ்வைத் திருப்பினால் கீரனும் திரும்ப வேண்டும். திருப்பாவிட்டால், ஹெஸ்கம்காரன் ஒருவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கார்ஃபர்ட் முழுக்க மீன் வாங்க வேண்டும்.

புதன்கிழமை வரிசை படத்தைப் பார்த்தது, கேய்னரைப் பார்த்தது, கூரையைப் பார்த்தது.

"கேய்னர்," என்றார் கிளைவ்.

"என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்ல."

"கத்தரிய வச்சுப் பையன மட்டும் வெட்டி எடுத்துரலாமே," என்றார் பாலின்.

"தோள்ல கை இருக்கே பாலின். கைய என்ன பண்ண?" என்றார் கிளைவ்.

"கையோட வெட்டிடு. கை மட்டும் நம்மகிட்ட இருக்கட்டும்."

யாரோ பாதி சிரித்தார்கள். கேய்னர் மீனை எண்ணெயில் விட்டார். எங்கள் ஊரில் எண்ணெய் இல்லை, மாட்டுக் கொழுப்பு. அது பொரிகிற சத்தத்தில் மீதிச் சிரிப்பு போய்விட்டது.

அன்று ராத்திரி கீரனே கூப்பிட்டான். இதைக் கேய்னர் பிற்பாடுதான் என்னிடம் சொன்னார். வணக்கம் சொல்வதற்கு முன்னால் அவன் கேட்டது: "திருப்பிட்டியாம்மா?"

"இன்னும் இல்ல."

"ஏன்? கடைய மூடவா போற? திருப்பு."

"நீயும் அதுல இருக்கடா."

"இருந்தா என்ன? அவன் போனது ஹெஸ்கமுக்கும்மா. நான்னு பாக்காத. திருப்பித் தொலை."

"சரி கண்ணு," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாராம்.

வியாழக்கிழமை சாயங்காலம். பயிற்சி முடிகிற நேரம். நான் வரிசையில் மூன்றாவது ஆள், எனக்கு முன்னால் கிளைவ், அவருக்கு முன்னால் பாலின். பின்னால் கதவு மணி அடித்தது. வரிசை நீளமாகிறபோது வழக்கமாகக் காலைத் தேய்த்து நகர்வோம். யாரும் நகரவில்லை. திரும்பிப் பார்த்தேன். நெவ்.

அதே தொப்பி. அதே நீல மழைக்கோட்டு. மார்பில் எங்கள் கழகத்துச் சின்னம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, நூல் மட்டும் நின்றது. ஒவ்வொரு வியாழனும் பயிற்சி முடித்து அவர் வருகிற நேரம் அது. இனி அவருக்கு இங்கே பயிற்சி இல்லை. கால் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது போல.

"என்ன கிளைவ்," என்றார்.

கிளைவ் வாயைத் திறந்தார். நான் காத்திருந்தேன். துருப்பிடித்த கேட்டிலிருந்து வசவு வரவில்லை. "நெவ்," என்று மட்டும் சொன்னார், பேர் சரியா என்று சோதிப்பது போல. பிறகு ஒரு பக்கமாக ஒதுங்கினார். நானும் பாலினும் ஒதுங்கினோம். எங்கள் முறையை அவருக்குக் கொடுத்தது மரியாதையா, சீக்கிரம் போகட்டும் என்றா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இப்போது நெவ்வுக்கு முன்னால் கேய்னர். நெவ்வுக்கு முதுகுப்பக்கம் படம்.

நெவ்வுக்கு என்ன வேண்டும் என்று கடையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். மீன் ஒன்று, உருளைக்கிழங்கு சிப்ஸ், மேலே ஒரு கரண்டி பொரித்த மாவுத்தூள். ரத்தக்கொதிப்பு இருப்பதால் உப்பு கூடாது. வினிகர் மட்டும் காகிதம் நனைகிற அளவு. ஒரு தடவை நெவ்வின் மனைவி கூட வந்து, "உப்பு போட்டுராதீங்க," என்று சொல்லப்போய், கேய்னர் அவரைப் பார்த்த பார்வையில் வெளியே போய் நின்றுகொண்டார்.

கேய்னர் மீனை எடுத்தார். சிப்ஸ் அள்ளினார். தூளைப் போட்டார். எல்லாம் சரியாக நடந்தது. உப்புக் குப்பியை ஒரு கையில், வினிகரை ஒரு கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"உப்பு, வினிகர் போடவா கண்ணு?"



நெவ் தொப்பியைக் கழற்றினார். பத்து வருடத்தில் அந்தத் தலையை நான் பார்த்ததே இல்லை. மொட்டையாகக்கூட இல்லை, நல்ல முடி. "வினிகர் மட்டும்," என்றார். "நன்றிங்க."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது சுவரைப் பார்த்தார். கொஞ்சம் நின்றார். பிறகு கதவு மணி அடித்தது.

பாலின்தான் முதலில் மூச்சு விட்டார். "ஏ அப்பா," என்றார் மெதுவாக. "இதுக்கு அந்தப் படத்தத் திருப்பியிருக்கலாம். பாவம் அந்த ஆளு."

"தேவையே இல்ல," என்றார் கிளைவ். "இனிமே அது எப்படி இருந்தா என்ன. உப்பு போடவான்னு கேட்டாச்சு."

அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு படத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஊர் முழுக்கச் செய்தி பரவியது. கேய்னர் அவனை ஒரே வார்த்தையில் வெளியூராக்கி அனுப்பிவிட்டாள், இப்படி ஒரு அடி மைதானத்தில்கூட விழுந்ததில்லை என்று. ஹெஸ்கம்காரர்களே கேள்விப்பட்டுத் தலையை ஆட்டினார்களாம். நானும் அந்தச் சனிக்கிழமை மன்றத்தில் செய்து காட்டினேன். இரண்டு கையிலும் பீர் குவளையைக் குப்பி போல பிடித்து, கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, அந்தக் 'கண்ணு'வில் ஒரு துளி விஷம் வைத்தேன். மேசையைத் தட்டினார்கள். இன்னொரு தடவை செய்யச் சொன்னார்கள். செய்தேன்.

திங்கட்கிழமை கடை விடுமுறை. கேய்னர் அன்றுதான் தலை கழுவ வருவார். தலையைத் தொட்டியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் வெந்நீர் விட்டேன்.

"நல்லா குடுத்தீங்க அன்னிக்கு," என்றேன்.

"எத?"

"அந்தக் கேள்விய. எப்ப யோசிச்சு வச்சீங்க?"

அவர் தொட்டி விளிம்பில் கழுத்தைச் சரிசெய்துகொண்டார்.

"நான் எங்க கண்ணு யோசிச்சேன்," என்றார். "மறந்துபோச்சு."

"என்ன மறந்துபோச்சு?"

"அவனுக்கு என்னன்னு. குப்பிய எடுத்தேன். அவன் மூஞ்சியப் பாத்தேன். ஒண்ணுமே வரல. கோவம் வரும்னு பாத்தேன், அழுக வரும்னு பாத்தேன். உப்பு உண்டா இல்லையான்னுகூட வரல. அதான் கேட்டேன். தெரியாதவங்கள கேக்கிற மாதிரி."

நான் கையை நிறுத்திவிட்டேன்.

"தேய்," என்றார் கேய்னர்.

தேய்த்தேன். "அதுக்கு முந்தின ராத்திரி கீரன் சொன்னதும் படத்துகிட்டப் போனேன்," என்றார். அவன் கூப்பிட்டதை அப்போதுதான் சொன்னார். "ஆணியில கை வச்சேன். அப்பவும் அப்படித்தான். எந்தப் பக்கம் திருப்பணும்னே தெரியல. கைய எடுத்துட்டேன்."

"ஊர்ல வேற மாதிரி சொல்றாங்க."

"சொல்லட்டும். படம் அது பாட்டுக்கு இருக்குல்ல." கண்ணைத் திறக்கவில்லை. "நீ மன்றத்துல என்னைப் பண்ணிக் காட்டினியாமே."

"ஆமா."

"எப்படி இருந்துச்சு?"

"எல்லாரும் சிரிச்சாங்க."

"ம்," என்றார் கேய்னர்.

அடுத்த சனிக்கிழமை கேட்டார்கள், கேய்னரைப் பண்ணு, கேய்னரைப் பண்ணு என்று. குவளைகளைத் தூக்கினேன். இந்தத் தடவை கண்ணைச் சுருக்கவில்லை. விஷமும் வைக்கவில்லை. முகத்தில் ஒன்றும் வைக்காமல், அன்று நான் கடையில் நிஜமாகவே பார்த்தது போலக் கேட்டேன். கொஞ்சம் கைதட்டினார்கள். போன வாரம் மாதிரி இல்லையே என்றார் பாலின். கிளைவ் மட்டும் என் முகத்தையே பார்த்துவிட்டு எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

புதுக் கோச் வந்துவிட்டார், எங்கோ வடக்கிலிருந்து. அவரும் வியாழக்கிழமை வருகிறார். கேய்னர் அவரைக் கேட்கிறார், அவர் பதில் சொல்கிறார். படம் முகம் தெரியத்தான் தொங்குகிறது. மேலே கொழுப்புப் புகை படியும்போது கேய்னர் ஈரத்துணியால் துடைக்கிறார், முதலில் பையனை, பிறகு அவன் தோளில் கிடக்கும் கையை, பிறகு மீதியை.