எர்த் கோளாறு

பாளையங்கோட்டையில் மைக்கும் ஸ்பீக்கர் பாக்ஸும் வைத்து ரேடியோ செட்டு கட்டுகிறவர்கள் பத்துப் பேர் இருந்தாலும், கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஆள் தேடி வருவது வன்னியராஜிடம்தான். அவர் செட்டில் இரைச்சல் இருக்காது. எர்த் சரியில்லை என்றால் பாக்ஸுக்குள்ளிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வரும் பாருங்கள், அந்தச் சவம் அவருக்கு ஜென்ம விரோதி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முனகினால்கூட எச்சில் கையோடு எழுந்து ஓடுவார். முப்பது வருஷம் அப்படி ஓடிச் சம்பாதித்த பேர். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் ஒரு நாள் மனுஷனைக் குப்புறத் தள்ளியது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கல்லூரி ஒன்றில் பழைய மாணவர்கள் விழா. ஆட்டம், பாட்டு, மிமிக்ரி எல்லாம் முடிந்து கடைசியில் கலையரசி என்று ஒரு பிள்ளை. சேரன்மகாதேவிக்காரி. திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கி ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். லீவு நாளில் லேப்டாப்பில் இசை கட்டுவாளாம். அதில் தாளம் கிடையாது, பாட்டு வரி கிடையாது, சத்தத்தின் மேல் சத்தத்தை அடுக்கி அடுக்கிக் கொண்டுபோவது. முன்னாடியே வந்து ஒரு பென் டிரைவைக் கொடுத்து, "லேப்டாப் மக்கர் பண்ணுனா இதப் போடுங்க அண்ணாச்சி" என்றாள். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்ன இசை, எப்படித் தொடங்கும் என்று ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. தொழிலில் ஊறினவராச்சே.

முதல் வரிசையில் அவள் அம்மா மாரித்தாய். வாழைத் தோட்டத்தில் கூலி வேலை. மகள் வீட்டில் அந்தப் பெட்டியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்னத்துக்கென்று அவளுக்கு ஒரு நாளும் விளங்கியதில்லை. மேடையில் பார்க்கவாவது செய்வோம் என்று வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள்.

கலையரசி ஒரு பொத்தானைத் தட்டினாள். பாக்ஸிலிருந்து 'ம்ம்ம்' என்று கிளம்பியது.

வன்னியராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒயரை அசைத்துப் பார்த்தார், சேனலை மாற்றினார், போகவில்லை. பின்வரிசையில் விசில் கிளம்பியது. மூன்று நிமிஷம் பொறுத்தார். அப்புறம் விறுவிறுவென்று மேடையேறி அவள் லேப்டாப்பிலிருந்த ஜாக்கைப் பிடுங்கினார். மைக்கை எடுத்து, "ஹலோ, ஹலோ. எல்லாரும் மன்னிக்கணும். பிள்ள கம்ப்யூட்டர்ல எர்த் கோளாறு. நம்ம செட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார். செட்டு சும்மா நிற்கக்கூடாது என்பது தொழில் வழக்கம், உடனே ஒரு நாதஸ்வரத்தையும் போட்டுவிட்டார். கூட்டம் கை தட்டியது. நேரமாகிவிட்டதென்று அப்படியே நன்றியுரைக்குப் போய்விட்டார்கள்.

எல்லோரும் எழுந்தபின் கலையரசியைக் கூப்பிட்டு, "அந்தச் சார்ஜர மாத்திரும்மா" என்றார், பெரிய மனுஷத் தோரணையில்.

"சார்ஜர்ல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அந்தச் சத்தந்தான் நான் செஞ்சது" என்றாள் அவள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பைய, மெதுவாகத்தான் சொன்னாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மாரித்தாய் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்லவேள நீங்க இருந்திய அண்ணாச்சி. இல்லன்னா எம் பிள்ள சபையில அசிங்கப்பட்டுப் போயிருக்கும்."

சுற்றி நாலு வாத்தியார்கள். அதில் ஒருவர் அப்போதுதான், "வன்னியராஜ் செட்டுன்னா சும்மாவா வே" என்று தோளில் தட்டியிருந்தார். தப்பு என்னுது தங்கச்சி என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொன்னது என்ன தெரியுமா? "பரவால்ல தங்கச்சி, நம்ம வேலதான." கலையரசி அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். லேப்டாப்பைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

அந்தப் பார்வை அவரை வீடு வரைக்கும் விரட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் சட்டையைத் துவைக்கப் போடும்போது பென் டிரைவ் கையில் தட்டுப்பட்டது. கடையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார்.

முதல் ரெண்டு தடவை வெறும் முனகல்தான் கேட்டது. கை தன்னால் வால்யூம் திருகு பக்கம் போனது. மூன்றாம் தடவை, கோளாறு எங்கிருந்து வருகிறது என்று தேடுவது மாதிரியே தேடிக் கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, அது ஒரு முனகல் இல்லை, ரெண்டு. இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று. ஒன்றைவிட ஒன்று சுருதி நூல் அளவு ஏறி இருப்பதால் ரெண்டும் சேர்ந்து பொங்கித் தணிந்து, பொங்கித் தணிந்து, தூங்குகிற ஆள் மூச்சு விடுவது போல் வந்தது. நாலாவது நிமிஷத்துக்குமேல் அடியில் என்னவோ சேர்கிறது. எப்போது சேர்ந்தது என்று அவர் காதாலேயே பிடிக்க முடியவில்லை. பதினோராவது நிமிஷம் முனகல் சட்டென்று நின்றது. அவர் பதறிப்போய் பிளக்கைப் பார்த்தார். பிளக் நன்றாகத்தான் இருந்தது. காதுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, மடையில் விழுகிற தண்ணீர், இத்தனை நேரமும் அடியில் இருந்தது அதுதான்.

அந்த ஓரிடத்துக்காகத்தான் பிள்ளை பதினோரு நிமிஷம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். இவர் மூன்றாவது நிமிஷத்திலேயே பிடுங்கி எறிந்துவிட்டு நாதஸ்வரம் போட்டிருக்கிறார். எதிர்க்கடைக்காரர் டீக்குக் கூப்பிட்டார், இவர் தலையை நிமிர்த்தவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சேரன்மகாதேவிக்குப் பஸ் ஏறினார். விசாரித்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். வீட்டுக்குப் பின்னால் டிரான்ஸ்பார்மர். அதே முனகல். அதற்குப் பின்னால் வாய்க்கால் இருந்தது, ஆனால் சத்தம் கேட்கவில்லை.

மாரித்தாய், "வாங்க அண்ணாச்சி" என்று நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"தங்கச்சி, அன்னைக்குக் கோளாறே இல்ல. உம் மக இசையே அதுதான். எனக்குத்தான் விளங்கல. விளங்குன பொறவும் வாத்தியாருக முன்னால பேரு போயிருமேன்னு வாய மூடிக்கிட்டேன்."

"பஸ்ஸுலயே வச்சு ஏசுனேன் அண்ணாச்சி. 'அந்த மனுசன் இல்லன்னா மானம் போயிருக்கும், இனி அந்தப் பெட்டியத் தொடாத'ன்னேன். உங்களப் பத்தி ஒரு வார்த்த சொல்லல அவ. இந்த வாரம் வீட்டுக்கும் வரல" என்றாள் மாரித்தாய்.

அவள் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது வன்னியராஜைச் செருப்பால் அடித்தது போலிருந்தது. பையிலிருந்து ஹெட்போனை எடுத்து மாரித்தாய் காதில் வைத்தார். போனில் ஏற்றிக் கொண்டுவந்ததை ஓடவிட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினோராவது நிமிஷம் மாரித்தாய் சட்டென்று தலையைத் தூக்கி மேலே பார்த்தாள்.

"கரண்டு போயிட்டோ?" என்றாள், காது மூடியிருந்ததால் சத்தமாக.

ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவள் அதையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "நம்ம வாய்க்கால்லா இது. கரண்டு போனா இங்கன இப்படித்தான் கேக்கும். சின்னப் பிள்ளையில இதக் கேட்டுத்தான் தூங்குவா."

கடைசி வரை கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தன் போனில் மகளின் எண்ணைப் போட்டு அவரிடம் நீட்டினாள். "நீங்களே பேசுங்க. எனக்கு வெக்கமா இருக்கு."

"சொல்லும்மா" என்றது கலையரசியின் குரல்.

ஊர் ஊராக ஹலோ ஹலோ என்று கத்தின தொண்டையிலிருந்து அந்த ஒரு ஹலோ வர மாட்டேன் என்றது.

"அம்மா, பேசு. டிரான்ஸ்பார்மர் சத்தந்தான் கேக்கு."

"நாந்தாம்மா, ரேடியோ செட்டுக்காரன்" என்றார் வன்னியராஜ். கலையரசி போனை வைக்காமல் காத்திருந்தாள்.