கதிரைகளை வெளியே வைத்த படம்

ஆட்கள் கும்பிடுகிற தேவாலயம் ஒன்றைக் கைவிடப்பட்டது என்று ஊருக்குக் காட்டினேன். தெரியாமல் செய்ததல்ல.

புகைப்படக்கலையின் தொடக்க காலத்தில் ஐரோப்பாவின் மத்தியகாலத் தேவாலயங்களை எடுத்த படங்கள் அடங்கிய புத்தகம் ஒன்று என்னிடம் உண்டு. கதிரை, வாங்கு என்று ஆட்கள் உட்காரும் எல்லாவற்றையும் அகற்றி, வெளிச்சம் தூணில் விழும்வரை காத்திருந்து எடுத்தவை. கல்லும் ஒளியும் மட்டும். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு வேலணையில் கமெராவோடு பஸ் ஏறி, ஊர்காவற்றுறையில் ஒரு பழைய தேவாலயத்தில் நானும் அப்படியே எடுக்கப் பார்த்தேன். பிளாஸ்டிக் கதிரைகளை முற்றத்தில் அடுக்கினேன். பீடத்து விரிப்பை மடித்து ஒளித்தேன். பூ வைத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவையும் வெளியே நிற்கச் சொன்னேன். தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டில் தனியே இருப்பவர் அவர்.

"என்னையும் கதிரையளோட அடுக்கப் போறியளே, மாஸ்டர்?" என்று சிரித்தபடி போனார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கண்காட்சியில் படம் தொங்கியது. 'கைவிடப்பட்ட தேவாலயம்' என்று கீழே எழுதியவன் நானே. பாராட்டினார்கள். யாரோ அதை முகநூலில் போட, பிரான்சிலிருக்கும் அக்காவின் மகள் பார்த்துவிட்டார்.

அடுத்த முறை போனபோது அக்கா சிரிக்கவில்லை.

"சனமில்லாத இடத்தில நான் தனிய இருக்கக் கூடாதாம். வீட்டைப் பூட்டிப்போட்டுக் கொழும்புக்குப் போகட்டாம். உம்மட படத்தைக் காட்டித்தான் கதைக்கிறாள். நீரே சொல்லும் அவளுக்கு."

அதுவரை என்னை 'நீங்கள்' என்றே அழைத்தவர். மகளை அழைத்துத் தொலைபேசியை நீட்டினார்; வாங்கினேன்.

"பிள்ளை, கதிரையளைத் தூக்கி வெளியில வைச்சது நான்தான். அம்மாவையும் நான்தான் வெளியில விட்டனான்."

மகள் சொன்னார்: "அப்ப ஞாயிற்றுக்கிழமைப் பூசையை எடுத்து அனுப்புங்கோ, அங்கிள்."

எடுத்தேன். மின்விசிறி, சிவப்புக் கதிரைகள், அழுகிற குழந்தைகள். தூண்கள் பாதிதான் தெரிந்தன. முகநூலிலும் என் பிழையை ஒப்புக்கொண்டு எழுதினேன். முதல் படத்தைப் பார்த்தவர்களில் சிலரே அதைப் படித்தார்கள்.

திருவிழாவுக்கு மகள் வந்தார். சனத்தைக் கண்டார். அம்மா இங்கேயே இருக்கலாம், ஆனால் இரவில் துணைக்கு ஒரு ஆள் படுக்க வேண்டும் என்றார். அக்காவின் ஒன்றுவிட்ட தங்கை ஒருவர் வந்து படுக்கிறார்.

"அவவின்ர குறட்டையில எனக்கு நித்திரையே இல்லை. நீங்கள்தான் பதில் சொல்லோணும், மாஸ்டர்" என்று ஏசிக்கொண்டே அக்கா எனக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறார்.