திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை

ஆமணக்கெண்ணெய் வாடை. சுசீந்திரம் சாலையோரம் சக்கரத்தைக் கழற்றி வைத்து, வண்டி அச்சுக்கு யாரோ எண்ணெய் போடுகிறார்கள். அவ்வளவுதான், என் நாக்கு கருப்பட்டித் துண்டைத் தேடுகிறது.

நான் தங்கியிருந்த அக்காள் வீட்டில் அந்த எண்ணெய்க்கென்று ஒரு நாள் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து. முந்தின சனிக்கிழமை வீடு முழுக்கப் பேதிக்குக் குடிக்கும். உள்ளம் சுத்தமானால் போதாது, குடலும் சுத்தமாக வேண்டும் என்பது அத்தானின் தனி வேதம். புளித்ததெல்லாம் அழுகல் என்று முந்தின நாள் சோற்றுப் பழஞ்சியும் நின்றது, மோரும் நின்றது. மில்லில் தீட்டிய வெள்ளை அரிசிக் கஞ்சி மட்டும், கொதிக்கக் கொதிக்க. எல்லாம் அன்பினால்தான். எண்ணெய்க் கரண்டியை நீட்டியதும் மறுகையால் கருப்பட்டித் துண்டையும் நீட்டுவார்.

அக்காள் காற்றடித்தால் காய்ச்சல் என்றானாள். வாயெல்லாம் புண். ஒருநாள் காலில் தாழை முள் கீறியது. எவரும் துடைத்துவிட்டுப் போகிற கீறல். அது பழுத்து, வீங்கி, அவளை மிஷன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தியது.

"எதிர்த்து நிக்க இந்த உடம்புல ஆளில்லையே," என்றார் டாக்டர். "என்ன சாப்பிடுதா?"

அத்தான் பெருமையாகச் சொன்னார்: "எல்லாம் சுத்தமாக்கும். மாசந்தோறும் கழுவி விடுதோம்."

டாக்டர் எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் நுண்ணோக்கியைக் காட்டினார். அத்தான் குனிந்தார். நிமிர்ந்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு நான். சாயமேறிய நீலக் குச்சிகள், களத்தில் சிதறிய உமியைப் போல.

"இது என்ன சீக்கு டாக்டர்?" என்றேன்.

"சீக்கில்ல. மோரு."

நான் மறுபடியும் குனிந்து பார்த்தேன்.

"கிருமியெல்லாம் கள்ளனில்ல. இதுல காவக்காரனும் உண்டு. வயித்துக்குள்ளயும் உண்டு. தீனியும் குடுக்காம, மாசாமாசம் அடிச்சும் விரட்டினா அவன் எங்க நிப்பான்? எனக்கும் முழுசாத் தெரியாது. ஆனா எண்ணெய நிறுத்துங்க. குத்தரிசி, கீரை, மீன், மோர் குடுங்க."

எனக்குள் ஒரு ஊரே குடியிருக்கிறது. என்னிடம் யாரும் சொல்லவேயில்லை! இந்த உடம்பு என்னுடையது என்றல்லவா நடந்துகொண்டிருந்தேன்?

நுண்ணோக்கியில் கண்டதைச் சொல்லி மோர்க் கிண்ணத்தை நீட்டியதும் அக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஏலே, இத்தன உயிரையும் வயித்துல வச்சிட்டு எப்படிலே திருவிருந்துப் பந்தியில மண்டியிடுவேன்? செத்தாலும் சுத்தமாச் சாவுதேன்."

அத்தான் கிண்ணத்தை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு பாதியைக் குடித்தார். மீசையில் மோர்.

"இந்தா ஏட்டி, நானும் அசுத்தமாயிட்டேன். ரெண்டு பேரும் சேந்தே மண்டியிடுவோம். குடி."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு, எண்ணெய்க்குப் பிடிக்கிற மாதிரியே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

மோரால்தானா, கட்டுப் போட்டதாலா, சோற்றாலா, டாக்டரே அறுதியிட்டுச் சொல்லவில்லை. காய்ச்சல் இறங்கியது. கால் புண்ணின் ஓரம் காய்ந்தது. நான் ஊருக்குப் புறப்பட்ட அன்று ஆஸ்பத்திரி வாசல்வரை நொண்டி நொண்டி வந்தாள்.

"ஏலே, போற வழியில எங்க வீட்டுல ஏறு. அடுக்களையில எண்ணெய்க் குப்பி நிக்கும். வண்டிக்காரன் கையில குடுத்திரு மக்கா. அச்சுக்காவது ஆவட்டும்."