டொக்குவின் பிரிண்டர்

டொக்கு, உன் கூட்டாளிகளும் படிக்கட்டும் என்றுதான் அக்கா இதை உன் கம்ப்யூட்டர் சென்டர் பலகையில் ஒட்டுகிறேன்.

ஓடும்போது எழும் சத்தத்தையே ராகமாக்கி நீ பாட்டு வாசித்த அந்தப் பழைய ஆபீஸ் பிரிண்டர், நீ செத்த பிறகு ஓடவில்லை. வயரை மட்டும் மாற்றச் சொல்லி உக்கடத்து ரிப்பேர்க்கடை பாயிடம் கொடுத்திருந்தேன். இன்றைக்கு வாங்கப் போனேன்.

"உள்ள ஒரே கீச்சு கீச்சுங்க அம்மணி. பல்சக்கரத்தையும் மாத்தி, எண்ணெய் உட்டுப்போட்டேன். இனிப் பூனையாட்டம் ஓடும். தம்பி போன ஊட்டுல கூலி வேண்டாமுங்க."

"ஏனுங்க பாய், அந்தக் கீச்சுக்குத்தான் அவன் சக்கரத்துப் பல்லை அரத்துல தேச்சு வச்சிருந்தான். அதுதானுங்க அவன் பாட்டே."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உன் பாட்டை எழவு வீட்டில் போட்டால் பிணம் எழுந்து ஓடும்.

கழற்றிய சக்கரங்களைப் போடும் டப்பாவை என் முன்னால் கவிழ்த்தார். அத்தனையும் தேய்ந்த சக்கரங்கள். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஏன்டா டொக்கு, இதில் நீ தேய்த்தது எது?